5. பதினோரு பொட்டு

"பாத்ரூம் லைட்டு சுவிச்சு வெளியதாங்க இருக்குது. அத்தப் பாத்துதான் எனக்கு மொதல்ல பயம் வந்துச்சு," என்றாள் ராதிகா.

பகலவன் அந்தச் சுவிட்சைப் பார்த்தான். பழுப்பேறிப்போன சாதாரணச் சுவிட்சு. எந்த ஊரில் குளியலறைச் சுவிட்சு உள்ளே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தான். செந்தமிழ்ச்செல்வி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு விதைக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் செந்தமிழ்ச்செல்விக்கு ஐம்பது வயது. எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் பேசாமலே இருப்பது அவள் வழக்கம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆட்கள் சொல்ல நினைக்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். பகலவன் அதற்கு நேர்மாறு. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், அவளிடம் உதவியாளாகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. அவன் வாய் நின்று யாரும் பார்த்ததில்லை.

செல்வி பேசவில்லை. ராதிகா தொடர்ந்தாள்.

"காலைல அஞ்சரை மணிங்க. உள்ள ஷவரு கொட்டுது. நடுவுல சரக்கு சரக்குன்னு சத்தம். சவரம் பண்றாரு. இங்க சுவிச்சு ஆஃப்ல இருக்குது. உள்ள ஒரு ஜன்னல்கூட கெடையாது, கும்மிருட்டு. 'ஏங்க, லைட்டுப் போடட்டா'ன்னேன். சத்தம் நின்னுப்போச்சு. தண்ணி மட்டும் கொட்டுது. ரொம்ப நேரம் கழிச்சு 'வேணாம்'னாரு. மறுபடியும் சரக்கு சரக்கு. இருட்டுல ஒரு மனுசன் பிளேடோட நின்னுக்கினு இருந்தா நீங்க இன்னா நெனப்பீங்க?"

"பிளாஸ்திரி வாங்கி வைக்கணும்னு நெனப்பேன்," என்றான் பகலவன்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

ராதிகா சங்கராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போய்வந்தவள், தினமும் ஏறி இறங்கிய ஜீப்பின் டிரைவரையே கட்டிக்கொண்டாள். தர்மன் மலையில் பிறந்தவன். மூன்று வருடமாக இருவரும் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்து எல்லையில் இந்த வாடகை வீட்டில் இருந்தார்கள். கல்யாணத்துக்கு வராத அவளுடைய அம்மா ஒரே ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தாள்: ஏதாவது ஒரு வளைவில் உன்னைத் தள்ளிவிட்டு வந்து நிற்பான். மூன்று வருடம் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். கடைசி மூன்று மாதமாக ராதிகா சிரிப்பதில்லை.

"மூஞ்சியப் பாத்துப் பேசறதே இல்லீங்க. என் காதப் பாத்துப் பேசறாரு. முன்ன வாரத்துக்கு ரெண்டு தடவதான் சவரம். செவ்வா வெள்ளி பிளேடத் தொடவே மாட்டாரு. இப்ப செவ்வாயும் கெடையாது, வெள்ளியும் கெடையாது. டெய்லி. அதுவும் ஷவருக்கு அடியில."

செல்வி சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. விளக்கில் குறை ஒன்றுமில்லை. கதவைத் தள்ளினாள்.

நாலடிக்கு ஆறடி அறை. தரை இன்னும் ஈரமாக இருந்தது. ஷவர் குழாயின் கழுத்தில் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் நுனியில், ஓர் ஆளின் தாடை உயரத்தில், ரேசர் தொங்கியது. கதவு திறந்த காற்றில் அது மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"கட்டிப் போட்டு வச்சிருக்காரு," என்றான் பகலவன். "அவுத்து விட்டா கடிக்குமா?"

"கண்ணாடியப் பாரு," என்றாள் செல்வி.

கை கழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. அதன் நடுவில் அரக்கு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஈ மொய்த்ததுபோல ஒட்டியிருந்தன. பகலவன் குனிந்து பார்த்தான். அவனுடைய காது தெரிந்தது. முடி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டுகள்தான் இருந்தன. சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"பதினொண்ணு," என்றாள் ராதிகா. "குளிக்கப் போறப்ப கழட்டி அதுல ஒட்டிடுவேன். முன்ன அதுக்குத் தெனம் ஒரு சண்டை. 'கண்ணாடி எனக்கா, உன் பொட்டுக்கா'ன்னு கத்துவாரு. அவரே பிச்சு எடுத்தாந்து என் நெத்தியில பச்சுனு ஒட்டிட்டுப் போவாரு." அவள் குரல் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பியது. "மூணு மாசமா நானும் அதுல ஒட்டறத வுட்டுட்டேன். பதினோரு நாளைக்கு முன்னாடி மறுபடியும் ஒண்ணு ஒட்டினேன். எடுக்கல. கத்தல. சரி பாப்போம்னு மறுநா பக்கத்துல இன்னொண்ணு. தெனம் ஒண்ணு. ஒரு வார்த்தை கேக்கல. சண்டை போடறதையே ஒரு ஆளு நிறுத்திட்டான்னா, மனசுல ஏதோ முடிவு பண்ணிட்டான்னுதானேங்க அர்த்தம்?"

செல்வி உள்ளே போனாள். ரேசரைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். மூன்று தடவை சுற்றி இறுக்கிய முடிச்சு. அவசரத்தில் போட்டதல்ல.

"மேடம், மலையில பொறந்தவரு," என்றான் பகலவன், சமாதானம் சொல்லும் குரலில். "ஓடையில நின்னு சவரம் பண்ணிப் பழகியிருப்பாரு. அவங்களுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"மூணு வருசம் இந்தக் கண்ணாடியிலதானே பண்ணான்? மூணு மாசமாத்தான் தண்ணிக்கு அடியில போயிருக்கான்."

"இன்னிக்கு மேல கூப்ட்டிருக்காருங்க," என்றாள் ராதிகா. இதைச் சொல்லத்தான் நேற்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி வந்திருந்தாள். "'ஜீப்புல வா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், இந்த வூட்டுக்குள்ள சொல்ல முடியாது'ன்னாரு. நான் போவட்டா, வேணாமா? நீங்க போவாதன்னா போவல. எங்க அம்மா சொன்னது காதுல கேட்டுக்கினே இருக்குதுங்க."

செல்வி தொங்கிய ரேசரை இன்னொரு முறை பார்த்தாள். தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"போ," என்றாள். "பின் சீட்டுல நாங்க இருப்போம். எங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

ஸ்கூட்டரில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போகும்போது பகலவன் கேட்டான்: "மேடம், நெஜமாவே அவரு அந்தப் பொண்ண ஏதாவது..."

"தன் மூஞ்சியத் தானே பாக்க முடியாம ஒருத்தன் இருட்டுல நிக்கிறான். ஒண்ணு, எதையோ செஞ்சிருக்கணும். இல்லன்னா செய்யப் போறான்."

செல்வி இவ்வளவு நீளமாகப் பேசியதே பகலவனுக்குப் பயமாக இருந்தது.

*

ஐப்பசி மழை முந்தின நாள் முழுக்கக் கொட்டிவிட்டு விடிகாலையில்தான் விட்டிருந்தது. ஒன்பது மணி வெயிலில் ரோடு பளபளத்தது. தர்மனின் ஜீப் கதவில்லாத பழைய ஜீப். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ராதிகா, மடியில் ஒரு துணிப்பையோடு. பின்னால் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள்.

தர்மன் வண்டிக்கு முன்னால் நின்றிருந்தான். உயரமான ஆள். வழவழவென்று மழித்த முகம். இடது தாடைக்குக் கீழே மட்டும் விரலகலத்துக்குக் கறுப்பாக முடி விட்டுப்போயிருந்தது. கொலை செய்யப் போகிறவன் இவ்வளவு அமைதியாக இருப்பானா என்று பகலவன் யோசித்தான். இருப்பான் என்றும் தோன்றியது.

"வெள்ளிமலை போவுமா?" என்று கேட்டாள் செல்வி.

"போவும், ஏறுங்கம்மா. எத்தினி பேரு?"

இரண்டு பேரும் அவனுக்கு எதிரில்தான் நின்றிருந்தார்கள்.

"அம்மா ஒண்ணு. நான் ஒண்ணு," என்றான் பகலவன். "நான் ஒல்லிதாண்ணே, அதுக்காக ஒரு ஆளாவே எடுத்துக்கலன்னா எப்படி?"

தர்மன் அந்தக் குரலின் பக்கம் திரும்பிச் சிரித்தான். நல்ல சிரிப்பு. ஆனால் பார்வை பகலவனின் தோளைத் தாண்டி, பின்னால் இருந்த டீக்கடைமேல் போய் நின்றது.

கடைசியாக ஒரு பெண் மூட்டையோடு வந்து ஏறினாள். நாற்பது வயதிருக்கும். மேல்காட்டில் தினை விதைக்கிற குடும்பம், பேர் சாமியம்மாள் என்று அவளே சொன்னாள். சொன்ன பிறகுதான் முன்னாலிருந்து தர்மன் குரல் கொடுத்தான்.

"சாமியக்காவா? ஏறுக்கா, ஏறு."

"எதுத்தாப்புலதானடா வந்தேன். இப்பதான் தெரியுதா உனக்கு?" என்று அவள் நொடித்தாள். பகலவனிடம் திரும்பி, "முன்னல்லாம் அந்தத் திருப்பத்துல நான் வந்தாலே இங்கருந்து கையக் காட்டுவான். இப்ப நம்மளா கூப்ட்டாதான் பேரே சொல்றான். டவுன்ல பொண்டாட்டி கட்டினதும் கர்வம் வந்துட்ச்சு," என்றாள்.

ராதிகாவின் முதுகு விறைத்தது. தர்மன் வண்டியை எடுத்தான்.

கோமுகி அணை இடப்பக்கமாக வந்து பின்னால் போயிற்று. பிறகு ஏற்றம். முதல் வளைவில் பகலவன் பின்பக்கம் திறந்திருந்த வாசலைப் பார்த்தான். ரோடு கீழே சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது வளைவில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது வளைவில் சாமியம்மாளின் மூட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"மூட்டைய இன்னாத்துக்குப்பா புடிக்கிற? அது வுழாது."

"நான் வுழுந்தா அது மேல வுழலாமேன்னுதான்."

தர்மன் நன்றாகத்தான் ஓட்டினான். வேகமில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்து, தலையைச் சற்றே சாய்த்து, எதிர்ச்சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திருப்பினான். கீழே இறங்கி வந்த பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே ஓரம் கட்டி நின்றான். பகலவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இவ்வளவு பொறுப்பாக ஓட்டுகிறவன் பெண்டாட்டியைத் தள்ளிவிடுவானா?

அப்போதுதான் அந்த ஆடு வந்தது.

நேர் ரோடு. நல்ல வெயில். நடுவில் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது. நூறடி தூரத்திலிருந்தே நான்கு பேரும் பார்த்தார்கள். ஜீப் வேகம் குறையவில்லை. ஹாரனும் இல்லை. ஐம்பதடி. இருபது. ராதிகாவின் கை டேஷ்போர்டை இறுகப் பிடித்தது. கடைசிக் கணத்தில் ஆடே ஒரு துள்ளுத் துள்ளிப் பாறைமேல் ஏறியது. அதன் பின்குளம்பு ஜீப்பின் மட்கார்டை உரசிய சத்தம் கேட்டது.

"யப்பா!" என்று கத்திவிட்டாள் சாமியம்மாள்.

"இன்னா ஆச்சுக்கா?" என்று கேட்டான் தர்மன்.

சாமியம்மாள் பாறைமேல் நின்ற ஆட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராதிகா திரும்பிச் செல்வியைப் பார்த்தாள். அந்த முகத்தில் இரத்தமே இல்லை. மனுசன் துணிந்துவிட்டான், பழகிப் பார்க்கிறான் என்று அந்தக் கண்கள் சொல்லின.

பகலவன் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல், டிரைவரின் முகத்தைப் பார்க்கலாம் என்று முன்னாலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். அதில் தர்மனின் முகம் இல்லை. ராதிகா இல்லை. பின்னால் வரும் ரோடும் இல்லை. கிழிந்து தைத்த கூரைத் துணி மட்டும் தெரிந்தது. யாரோ இறங்கும்போது கையோ தலையோ பட்டு மேலே திரும்பியிருக்க வேண்டும். அதன்மேல் படிந்திருந்த தூசு, திரும்பிப் பல நாளாயிற்று என்றது.

"மேடம்," என்று முணுமுணுத்தான், பயத்தில் வாய் தன்பாட்டுக்கு ஓட, "வூட்டுல கண்ணாடி பூரா பொட்டு. இங்க கண்ணாடி பூரா கூரை. இவருக்குக் கண்ணாடின்னாலே ஆவாது போல."

செல்வி அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு தர்மனின் பின்கழுத்தை, தாடைக்குக் கீழே விட்டுப்போன முடியை, ஹாரனுக்குப் பிறகு சாயும் தலையை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறியது. நான்கு வருடத்தில் பகலவன் அவளிடம் கோபம் பார்த்திருக்கிறான், அலுப்பு பார்த்திருக்கிறான். இதைப் பார்த்ததில்லை. அவள் பயந்திருந்தாள்.

செல்பேசியை எடுத்தாள். எதையோ தட்டி, அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஜீப் குலுங்கியதில் எழுத்துகள் ஆடின.

'இவருக்குக் கண் தெரியவில்லை.'

பகலவன் படித்தான். மறுபடியும் படித்தான். இடப்பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது. உச்சிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

அவன் வாய் நின்றுபோயிற்று.

அவள் மீண்டும் தட்டினாள். 'கத்தாதே. பதறினால் ஸ்டியரிங்கை ஒடித்துவிடுவார். வாந்தி வருகிறது என்று சொல்.'

"அண்ணே," என்றான் பகலவன்.  கம்பியை விடாமல் முன்னால் குனிந்தான். "அண்ணே, வாந்தி வருதுண்ணே. கொஞ்சம் ஓரங்கட்டுங்க."

"கீழ்நாட்டு ஆளுங்களுக்கு நாலாவது வளைவுல வந்துரும். இந்தா, முன்னால கல்லு மேடு வரும், நிறுத்தறேன்."

அவன் சொன்ன இடத்தில் கல் மேடு வந்தது. ஜீப் நின்றது. பகலவன் இறங்கினான். நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

செல்வி இறங்கி முன்பக்கம் போனாள். உதட்டில் விரலை வைத்து, ராதிகாவை இறங்கச் சொல்லிச் சைகை காட்டினாள். ராதிகா தயங்கினாள். பிறகு மடியிலிருந்த துணிப்பையை இருக்கையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினாள். செல்வி அவள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், ஜீப்புக்கு நேர் முன்னால், தர்மனின் முகத்துக்கு எதிராக நிறுத்தினாள். இருவருக்கும் நடுவில் ஜீப்பின் பானெட் மட்டும்தான்.

தர்மன் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். நேரே ராதிகாதான் நின்றாள்.

"ராதிகா, அந்த அண்ணனுக்குத் தண்ணி குடு. உன் காலாண்ட பாட்டில் கெடக்குது பாரு," என்றான்.

பேசியது பக்கத்து இருக்கையிலிருந்த துணிப்பையிடம்.

எங்கோ ஒரு பறவை கத்தி நின்றது. பதில் வராததால் தர்மன் லேசாகச் சிரித்தான். "இன்னா, இன்னும் கோவமா? மேல போனதும் எல்லாத்தையும் சொல்லிடறேன்னு சொன்னேன்ல?" கையை நீட்டினான். விரல்கள் துணிப்பையைத் தொட்டன. இருக்கையைத் தடவின. அதற்கு அப்பால் கதவில்லாத வெற்றிடத்தைத் தடவின.

அவன் முகம் இருண்டது.

"ராதிகா? ஏய் ராதிகா! எங்க போன? வுழுந்துட்டியா? அக்கா, ராதிகா எங்க?"

அப்படி ஓர் அலறலைப் பகலவன் கேட்டதில்லை. கொல்ல நினைப்பவன் அப்படிக் கத்த மாட்டான்.

"இங்கதாங்க இருக்கேன்," என்றாள் ராதிகா. "உங்க எதுர்லதான் நிக்கிறேன்."

தர்மன் உறைந்தான். பிறகு தலையை ஒருபக்கமாகத் திருப்பி, கோழி பார்ப்பதுபோல, கண்ணின் ஓரத்தால் அவளைத் தேடிக் கண்டுபிடித்தான்.

*

"கண்ணுக்கு நடுவுல ஒரு கறுப்பு," என்றான் தர்மன். கல் மேட்டில் உட்கார்ந்திருந்தான். "மொதல்ல கட்டவெரலு அளவு. இப்ப உள்ளங்கை அளவு ஆயிடுச்சு. ஓரத்துல எல்லாம் தெரியுது. நேராப் பாத்தா அங்க எதுவும் இல்ல. கண்ணாடில பாத்தேன். முடி இருக்குது, காது இருக்குது, மூஞ்சி இல்ல. அத்தப் பாக்கவே பயமாப் போச்சு. அதான் லைட்ட அணைச்சுட்டேன். இருட்டுல யாருக்குமே மூஞ்சி கெடையாதுல்ல?"

"ரேசரைக் கட்டி வச்சது?" என்றாள் செல்வி.

"கீழ வுழுந்தா தேடணும். தேடுறத இவ பாத்துருவா."

"ஷவர்ல எதுக்கு?"

"நொரை எங்க மிச்சம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. காதாண்ட நொரையோட வெளிய வந்தா கண்டுபுடிச்சிருவா. தண்ணி கொட்டினா அதுவே கழுவிடும். முடி விட்டுப்போயிருந்தா அது மறுநாளைக்கு."

அதனால்தான் தினமும், என்று நினைத்துக்கொண்டான் பகலவன்.

ராதிகா தர்மனுக்கு எதிரில் நின்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. "பதினோரு பொட்டு வச்சேன். ஒண்ணயாவது பிச்சுப் போடுவீங்கன்னு பாத்தேன்."

"பொட்டா?" என்றான் தர்மன். "எங்க?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

சாமியம்மாளுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "எம் புள்ளைங்க இந்த வண்டிலதாண்டா பள்ளிக்கூடம் போச்சுங்க! கண்ணு தெரியாமயாடா ஓட்டின?"

"ரோடு எனக்கு மனப்பாடம்க்கா. பதினாலு வருசம். இந்த ரோட்டுக்குக் கண்ணே வேணாம். வண்டிய வுட்டா நான் வேற இன்னா செய்வேன்? இன்னிக்குத்தான் கடைசி. மேல அம்மா வூட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு, இவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் கூட்டிக்கினு வந்தேன்."

ராதிகா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  

"டவுன் கண்ணாஸ்பத்திரிக்கு இன்னிக்கே போறோம்," என்றாள் செல்வி. "வண்டியத் திருப்பணும்."

"இங்க திருப்ப முடியாதுங்க. ரெண்டு வளைவு தாண்டினா அகலமான எடம் இருக்குது."

செல்விக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். எல்லோரும் பகலவனைப் பார்த்தார்கள்.

"நான் மண்டபத்துக்கு வேன் ஓட்டினவன் மேடம்," என்றான் அவன். "மண்டபம் தரையில இருந்துச்சு."

அவன்தான் ஓட்டினான். முதலில் அந்தக் கண்ணாடியை இறக்கிச் சரி செய்தான். அதில் ராதிகாவும் செல்வியும் சாமியம்மாளும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இடப்பக்க இருக்கையில் தர்மன், கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

"ரெண்டாவது கியர்லயே போ. இப்ப வலது கைப் பக்கம் ஊத்து ஒண்ணு கசியும். சத்தம் கேக்குதா? அது தாண்டினதும் ஹாரன் அடி. ம், இப்ப ஒடி. இன்னும் ஒடி. வுடு."

ஊற்று இருந்தது. வளைவு இருந்தது. ஒவ்வொன்றும் அவன் சொன்ன இடத்தில் சொன்னபடி வந்தது. பகலவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதை விட்டான். ரோட்டைப் பார்ப்பதைவிட அந்தக் குரலைக் கேட்பது சுலபமாக இருந்தது.

"அண்ணே, நீங்க கண்ண மூடிக்கினே என்னைவிட நல்லா ஓட்றீங்க," என்றான். வாய் திரும்பி வந்துவிட்டதில் அவனுக்கே நிம்மதி.

"அடுத்த வளைவுதான். அங்கதான் அகலம். எடது பக்கம் ஒட்டி வா, நல்லா ஒட்டி வா. லாரியே திரும்புற எடம். தைரியமா வுடு."

பகலவன் இடப்பக்கமாக ஒடித்தான். காலை அழுத்தினான். ரோட்டோரத்து வெள்ளைக்கோடு அவன் முன்னால் வளைந்து ஓடியது. ஓடிய கோடு பத்தடிக்கு அப்பால் காற்றில் நின்றது.

அவன் பிரேக்கை மிதித்தான். இரண்டு காலாலும் மிதித்தான். ஜீப் ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்தது.

நேற்றைய மழையில் வளைவின் இடப்பாதி முழுவதும் சரிந்து போயிருந்தது. தார், கல், தடுப்புச் சுவர், எதுவும் இல்லை. புது இரத்தம்போலச் சிவந்த மண் மட்டும் கீழே இறங்கிப் போயிருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு வேர் தொங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஒரு வண்டி போகும் அளவுக்கு ரோடு மிஞ்சியிருந்தது. அங்கே இன்னும் யாரும் ஒரு கல்லைக்கூடக் குறுக்கே வைத்திருக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் தர்மன். "வுடுப்பா. எடம் இருக்குது."

சாமியம்மாள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நெறைய எடம் இருக்குதுப்பா. பயப்படாத."

பகலவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தான். செல்வியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

ராதிகா இறங்கி முன்னால் வந்தாள். தர்மனின் கையைப் பிடித்து இறக்கினாள். நான்கு அடி நடத்தி நிறுத்தினாள். தரையிலிருந்து தேங்காய் அளவு கல் ஒன்றை எடுத்து அவன் இரண்டு கைக்கும் கொடுத்துத் தொடச் செய்தாள். பிறகு அதை வாங்கி முன்னால் வீசினாள்.

தர்மன் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஹாரன் அடித்துவிட்டுக் கேட்பானே, அதேபோல.

சத்தம் வரவில்லை. அவன் காத்திருந்தான். காற்று வந்தது. பிறகு வெகு கீழே, வேறு யாருடைய ஊரிலோ விழுந்ததுபோல, மெல்லிய ஒரு சத்தம்.

தர்மன் ரோட்டில் அப்படியே உட்கார்ந்தான். அவன் உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. ஜீப்பில் இருந்தவர்களைத்தான் எண்ணுகிறான் என்று பகலவனுக்குப் புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தன்னை அவன் எண்ணவில்லை.

பிறகு எழுந்தான். ஜீப்பைத் தடவிக்கொண்டே போய், ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டுச் சாவியை உருவினான். கண்ணை இறுக மூடியபடி அதை நீட்டினான். ராதிகா நின்றிருந்த பக்கம் அல்ல, அதற்கு இரண்டடி தள்ளி, யாருமில்லாத இடத்தில்.

ராதிகா நகர்ந்து, அந்தக் கைக்கு நேராக வந்து நின்று, வாங்கிக்கொண்டாள்.